அசரியாவின் நாற்பது தப்படி

"சர்க்கார் சங்கிலி சித்திரை வெயில்ல நீளும், மார்கழிப் பனியில சுருங்கும். என் கால் நீளவும் நீளாது, சுருங்கவும் சுருங்காது. ஒரு தப்படி ரெண்டரை அடி, நாப்பது தப்படி நூறு அடி. இந்த ஜில்லாவுல எது மாறினாலும் இது மாறாது."

சர்வே இலாகா செயின்மேன் அசரியா இந்தப் பிரகடனத்தை 1966ஆம் வருஷம் சேலையூர் கேம்ப் ரோடு டீக்கடையில், பெஞ்சின்மேல் ஏறி நின்று வெளியிட்டார். பதினொரு பேர் சாட்சி. அதில் ஒருவர் டீ மாஸ்டர். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்பதிலிருந்தே விஷயத்தின் கனம் விளங்கும். எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அசரியா பெஞ்சிலிருந்து இறங்கி நடந்து காட்டுவார், அதைப் பார்த்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

செயின்மேன் என்றால் யார் என்று தெரியாதவர்கள் இருக்கக்கூடும். நிலம் அளக்கப் போகும்போது சர்வேயர் மரத்தடியில் குடை பிடித்து நிற்பார், எண்ணை எழுதுவார், கையெழுத்துப் போடுவார். அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு கள்ளியிலும் சேற்றிலும் போய் மறுமுனையில் நின்று "இருக்கு சார்!" என்று கத்துகிறவர்தான் செயின்மேன். சர்க்காரின் கால் பூமியில் படுவது அந்த ஒரே இடத்தில்தான். அந்தக் கால் அசரியாவுடையது.

அவருக்கு இருபது வயதில் செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சங்கிலி கிணற்றில் விழுந்துவிட்டது. சர்வேயர் அழாத குறை. அசரியா நாலு பக்கமும் நடந்து கணக்குச் சொன்னார். மறுநாள் புதுச் சங்கிலி வந்து அளந்தபோது விரற்கடை வித்தியாசமில்லை. சர்வேயர் அதை மேலிடத்துக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் சங்கிலி வாங்கும் செலவு சர்க்காருக்கு மிச்சமாகியிருக்கும். அன்று முதல் அசரியா தம் கால்களை ஒரு கருவியாகவே நடத்தினார். டயர் செருப்பைத் தவிர வேறு போடமாட்டார். பஸ்ஸைப் பிடிக்கவும் ஓடமாட்டார், அளவு கெட்டுவிடும். கல்யாணத்தன்று கோயிலுக்குள் நடந்தபோது மணப்பெண் ஜெயசீலியைவிட அவர் ஒன்பது தப்படி முன்னால் போய்விட்டாராம்.

அறுபதுகளின் நடுவில் சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆசிரியர்களும் ரயில்வே குமாஸ்தாக்களும் கையில் நீலநிற வரைபடத்தோடு வந்து இறங்குவார்கள். மனை விற்பவரின் டேப்பில் முதல் ஓர் அடி எப்போதோ கிழிந்து போயிருக்கும். அதைப் பற்றி அவரே வருத்தப்படுவார், ஆனால் மாற்றமாட்டார். ஆகவே வாங்குகிறவர்கள் அசரியாவைக் கூப்பிடுவார்கள். அவர் மனையைச் சுற்றி நடப்பார், மூலையில் நிற்பார், கண்ணை மூடுவார். "தெக்க ஒரு அடி கொறையுது" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கூலியாக ஒரு டம்ளர் காப்பி. "அசரியா நடந்து பார்த்த மனை" என்றால் அது பத்திரத்துக்கு மேல்.

வீட்டில் மட்டும் இந்தக் கால்களுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. "ஊரை அளந்த காலுக்கு ஒரு சென்ட் நெலம் உண்டா?" என்று ஜெயசீலி கேட்பாள். வாடகை வீட்டின் கூடத்தை நாலு தப்படியில் கடந்துகொண்டே அசரியா, "பேர் இருக்குது பார்" என்பார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை அவர் தினமும் துடைத்து வைத்தார்.

1971ஆம் வருஷம் குடியரசு தினத்துக்குச் சபை வாலிபர் சங்கம் வழக்கம்போல எலுமிச்சம்பழமும் கரண்டியும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, தபீதாள் டீச்சர் குறுக்கே புகுந்தார். அவர் விடுமுறையில் ஏதோ ஆசிரியர் முகாமுக்குப் போய் விசிலும் புதுக் கருத்துகளும் வாங்கி வந்திருந்தார்.

"கரண்டியைக் கீழ வைங்க. இந்த வருஷம் புதையல் வேட்டை. ஒரு சீட்டுல குறிப்பு இருக்கும், அது அடுத்த எடத்தைச் சொல்லும், அங்க இன்னொரு குறிப்பு. ஏரி, தோப்பு, காடெல்லாம் சுத்தி கடைசியில புதையல். நம்ம பிள்ளைங்களுக்குத் தூக்கணாங்குருவிக் கூட்டுக்கும் தேன்கூட்டுக்கும் வித்தியாசம் தெரியல, வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் சங்கச் செயலாளர் தனசிங்குக்கே தெரியாது. தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அவருக்கு முத்திரை குத்தாத எதுவும் கண்ணில் படாது. "குறிப்பு யார் எழுதுறது, டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டமே திரும்பி அசரியாவைப் பார்த்தது. அசரியா மேலே பார்த்தார். தாம்பரம் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று. அதை அவர் ஒரு சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பரிசு கொடுக்க முன்வந்தவர் சம்பத். அவருடைய அப்பா நெல் நட்ட வயலில் சம்பத் வெள்ளையடித்த கல் நட்டார். கல் நன்றாக விளைந்தது. ராஜகீழ்ப்பாக்கம் போகும் வழியில் 'சம்பத் நகர்' என்று பலகையும் எழுந்தது. பரிசு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ, தோல் உறையோடு, அந்நாளில் ரேடியோ வைத்திருக்க வேண்டிய சர்க்கார் லைசென்ஸ் உட்பட. ஒரே ஒரு நிபந்தனை. புதையல் சம்பத் நகர் ஓரமாகத்தான் புதைந்திருக்க வேண்டும். எண்பது பேர் ஓடிவரும் வழியில் நாலு பேராவது மனையைப் பார்த்து மயங்கமாட்டார்களா என்பது அவருடைய ஆன்மிகம்.

சம்பத் நகருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பழைய வண்டிப்பாதை, சர்க்காருடையது. அதன் மேற்கே கங்கையம்மாளுக்குச் சொந்தமான துண்டு நிலம், ஒரு குடிசை, பதினாலு ஆடுகள். இரண்டுக்கும் எல்லையாக ஒரு சர்வே கல் நின்றது. கங்கையம்மாளின் ஆட்டுப்பட்டி அந்தக் கல்லைத் தாண்டி மூன்று தப்படி பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று தப்படியில் சம்பத்துக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் பாதை முழு அகலமாக இருந்தால்தான் அவருடைய நகருக்கு ரோடு கிடைக்கும். தாலுகா ஆபீசுக்கு எழுதிப்போட்டுப் பட்டியைப் பிரிக்கப் போவதாக ஒரு வருஷமாகச் சொல்லிவந்தார். கங்கையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது, குரல் மட்டும் இருபது. "வண்டியே வராத பாதைக்கு இன்னாத்துக்குய்யா அகலம்? பட்டியப் பிரிச்சா பதினாலு ஆட்டையும் உன் ஆபீசுல கட்டவா?" என்று அவள் வேலிக்கு மேலிருந்து கேட்பாள்.

குடியரசு தினத்துக்கு முந்தின ஞாயிறு மாலை அசரியா மண்வெட்டியும் பால்பவுடர் டப்பாவுமாக அங்கே வந்தார். டப்பாவுக்குள் மிட்டாயும், "இதைக் கொண்டு வருபவருக்கு ரேடியோ கொடுக்கவும்" என்று சம்பத் கையெழுத்திட்ட சீட்டும். கல்லின்மேல் குதிகாலை வைத்து, மேற்கே தெரிந்த ஒற்றைப் பனையை நோக்கி, வேலி ஓரமாக நாற்பது தப்படி நடந்தார். குழி வெட்டினார், டப்பாவைப் புதைத்தார், சருகு தூவினார்.

வேலிக்கு மேல் கங்கையம்மாளின் தலை தெரிந்தது.

"இன்னா சார், கல்லுலேர்ந்து அளந்துகினு போறே? இன்னாத்தப் பொதைக்கிறே?"

சாதாரண மனிதன் "விளையாட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். ரகசியம் காக்கும் பொறுப்பில் இருந்த அசரியா, மண்வெட்டியைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு, "கவர்மென்ட் விஷயம். ரெண்டு நாள்ல தெரியும்" என்று சொல்லிவிட்டு அளவு மாறாமல் நடந்து போனார்.

செவ்வாய்க்கிழமை காலை கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், கோயில் வாசலில் எண்பது பேர் இரண்டு படைகளாக நின்றார்கள். பச்சை அணிக்குத் தபீதாள் டீச்சர் தளபதி. மஞ்சள் அணிக்குத் தனசிங். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மண்வெட்டியும், பத்தடி நீளத்தில் வெட்டிய ஒரு கயிறும் வழங்கப்பட்டன. அசரியா நடுவர். விசில் ஊதியதும் முதல் குறிப்பைப் பிரித்துப் படித்தார்கள்:

"மழை பெய்தால் ஏரி, காய்ந்தால் மைதானம். வயிறு முழுக்கத் தண்ணீர், வாய் மட்டும் கல். வாயைத் திறந்தால் வயலுக்குச் சாப்பாடு."

"மதகு!" என்று பச்சை அணி கத்தியது. "மதகு!" என்று மஞ்சள் அணியும் கத்தியது, அரை வினாடி கழித்து. எண்பது பேரும் கேம்ப் ரோட்டைத் தாண்டிச் சேலையூர் ஏரிக்கரைக்குப் பறந்தார்கள். எதிரே வந்த பஸ் நின்று, கலவரம் என்று நினைத்து, ஜன்னல்களை இறக்கிவிட்டது. தை மாத ஏரி கரை தொட்டுத் தளும்பியது. கோரைக்குள்ளிருந்து நாமக்கோழிகள் எழுந்து, தண்ணீர்மேல் ஓடிக்கொண்டே பறந்தன. தனசிங் மதகின் பக்கத்துப் பொந்தில் தோள்வரை கையை விட்டார்.

"கெடச்சுதா மச்சான்?" என்றான் பின்னால் நின்றவன்.

"கெடச்சுது... அய்யோ! இது சீட்டு இல்லடா, நண்டு!"

சீட்டு எதிர்ப்பக்கத்துப் பொந்தில் இருந்தது. பச்சைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. டீச்சர் தம்முடையதை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே கரையில் ஓடிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், வாயில் விசில். மூச்சு விடும்போதெல்லாம் அது தானாகவே ஊதிற்று.

இரண்டாவது குறிப்பு அசரியாவின் சொந்தப் பெருமை. மூன்று இரவு யோசித்து எழுதியது.

"ஒரே காலில் முப்பது வீடு. எல்லாம் தொங்கும், எதுவும் விழாது. வாசல் கீழே, அஸ்திவாரம் மேலே. ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது."

டீச்சர் ஒரு தடவைதான் படித்தார். "தூக்கணாங்குருவி! கெணத்து மேல சாஞ்ச பனை! வாங்க!" என்று வயலுக்குள் இறங்கிவிட்டார். மஞ்சள் அணியில் அப்படியில்லை. அவர்கள் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். முப்பது வீடு, பட்டா கிடையாது. தனசிங்கின் முகம் மலர்ந்தது. நாற்பது பேரும் நேராகச் சம்பத் நகர் ஆபீசுக்குள் போய் நாற்காலிகளைப் புரட்டிச் சீட்டுத் தேடினார்கள்.

"யாருய்யா நீங்கல்லாம்? இன்னா தேடுறீங்க?" என்றார் சம்பத்.

"குறிப்பு சார். பட்டா இல்லாத வீடுன்னு எழுதியிருக்குது."

"அதுக்கு இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?"

தனசிங் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினார். ஆபீசுக்கு மனை பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள் பதிலை ஊகித்துக்கொண்டு கிளம்பிவிட்டன. சம்பத் கோபத்தில் ரேடியோவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "அந்த அசரியா எங்க?" என்று கேட்டபடி வேட்டையோடு சேர்ந்துகொண்டார்.

இதற்குள் பச்சை அணி கிணற்றடிப் பனையில், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய ஒரு காலிக் கூட்டுக்குள்ளிருந்து சீட்டை உருவி, மூன்றாவது குறிப்பில் இருந்தது. "கட்டியவன் குடியிருக்கவில்லை, குடியிருப்பவன் கட்டவில்லை. வாடகை கேட்கப் போனவன் திரும்பவில்லை. அவனிடம் போகாதே, எதிரே மஞ்சள் கட்டி நிற்பவளைக் கேள்." புற்று! முட்காட்டுக்குள் ஆளுயரப் புற்று ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதன் எதிரே பொங்கிப் பூத்திருந்த ஆவாரஞ்செடியில்தான் சீட்டு. காரைமுள் புடவையைக் கிழித்தது, ஈச்சம்புதர் காலைக் கீறியது. ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. மஞ்சள் அணியும் ஒருவழியாகப் பனையைக் கண்டுபிடித்துப் புயல்போல வந்து சேர்ந்தபோது இரண்டு அணிக்கும் இருபது கஜம்கூட வித்தியாசமில்லை.

அசரியாவுக்கு உள்ளுக்குள் நெஞ்சு துள்ளியது. அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எண்பது பேர் ஓடினார்கள். முப்பது வருஷம் அவர் எண்களைக் கத்தினார், வேறொருவர் எழுதினார். இன்று அவர் எழுதினார், ஊரே கத்தியது. ஓடாத அந்தக் கால்கள் அன்று மட்டும் வேகமாக நடந்தன, அளவு மாறாமல்.

கடைசிக் குறிப்பை இரண்டு தளபதிகளும் ஒரே நேரத்தில் படித்தார்கள்.

"தலை வெளியே, உடம்பு மண்ணில். ஐம்பது வருஷமாக நிற்கிறான், கால் வலிக்கவில்லை. தலையில் அம்புக்குறி, வண்டிப்பாதைக்குக் காவல். அவனிடமிருந்து ஒற்றைப் பனையை நோக்கி நூறு அடி. தோண்டு."

"சர்வே கல்லு!" வண்டிப்பாதையில் புழுதி எழுந்தது. பத்தடிக் கயிற்றைக் கல்லில் வைத்துப் பத்து முறை மாற்றி மாற்றி இழுத்தார்கள். பச்சை ஒரு குழி, மஞ்சள் ஒரு குழி. மண்வெட்டிகள் மோதிக்கொண்டன. ஒரு முழம் தோண்டினார்கள், இரண்டு முழம் தோண்டினார்கள். ஒரு பழைய லாடம் வந்தது. ஒரு தவளை வந்தது. டப்பா வரவில்லை.

மறுபடி அளந்தார்கள். மறுபடி நூறடி. மறுபடி குழி. சத்தம் மெதுவாக அடங்கி, எண்பது முகங்களும் நடுவரைப் பார்த்தன.

"அண்ணே," என்றார் தனசிங், நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டு. "சங்கிலிதான் பனியில சுருங்கும்னீங்க. கால் இன்னா ஆச்சு?"

சிரிப்பு வேலி முழுக்க ஓடிற்று. "கால்ல சளி பிடிச்சிருக்கும்!" என்றது ஒரு குரல். "நம்ம மனையையும் இந்தக் கால்தானே அளந்தது?" என்றது இன்னொன்று. அது சிரிக்கவில்லை.

அசரியாவின் காது சிவந்தது. நேராகக் கல்லிடம் போனார், குனிந்தார். அடுத்த கணம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முப்பது வருஷம் கற்களோடு வாழ்ந்தவர். இந்தக் கல்லின் பாசி வடக்கு முகத்தில் இருந்தது, இப்போது தெற்கே பார்த்தது. அடியில் மண் புதுசு. அதன்மேல் ஆட்டுப்புழுக்கை தாராளமாக, இயற்கை இவ்வளவு சீராகத் தூவாது என்னும்படி, தூவப்பட்டிருந்தது. பட்டியின் வேலி கல்லுக்கு உள்ளே அடக்கமாக நின்றது. கல் கிழக்கே நகர்ந்திருக்கிறது. எவ்வளவு என்று அவர் கண் சொல்லிற்று: மூன்று தப்படி. ஏழரை அடி.

அவர் மகிழ்ச்சியோடு வாயைத் திறந்தார். கால் பிழைத்தது!

சம்பத் முந்திக்கொண்டார். அவர் கல்லையும் பட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பட்டி கல்லைத் தாண்டில்ல இருந்துச்சு? இப்ப உள்ள கீது. இதோ பாரு அசரியா, ஒண்ணு கல்லு நவுந்திருக்கணும், இல்ல உன் காலு நவுந்திருக்கணும். உன் காலு நவுறாதுன்னு ஊருக்கே தெரியும். நான் போய் டேப் எடுத்தாறேன். நீ எல்லார் முன்னாலயும் ஒருக்கா நட. கல்லு நவுந்தது ருசுவாச்சுன்னா நாளைக்கே தாலுகா ஆபீசுல எழுதிக் குடுத்துட்றேன். சர்க்கார் கல்லைப் புடுங்கினா ஜெயிலு. பட்டி, குடிசை எல்லாத்தையும் சேத்துப் பிரிச்சிடலாம்."

அவர் ஆபீசை நோக்கி விரைந்தார். தோளில் ரேடியோ ஆடிற்று.

வேலிக்கு மேல் கங்கையம்மாளின் தலை இருந்தது. கையில் ஒரு குட்டி ஆடு. அவள் குரல் அன்று இருபதாக இல்லை.

"நீதான சார் ஞாயித்துக்கெழம கல்லுலேர்ந்து அளந்துகினு வந்தே? கவர்மென்ட் விஷயம், ரெண்டு நாள்ல தெரியும்னு சொன்னியே. பட்டியப் பிரிக்கத்தான் ஆள் அனுப்பிக்கீறாங்கன்னு நெனச்சேன். நானும் என் தங்கச்சியும் கடப்பாரை போட்டு..." அவள் குட்டியை இறுக அணைத்தாள். "வெளையாட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

அசரியா திறந்த வாயை மூடினார்.

கல்லைப் பிடுங்கியது அவள்தான். ஆனால் கடப்பாரையை அவள் கையில் கொடுத்தது யார் என்ற கேள்வி டயர் செருப்புக்குள் முள்ளாகக் குத்திற்று. தம் கால் சரி என்று நிரூபிக்க ஒரு நிமிஷம் போதும். கல்லிலிருந்து நாற்பது தப்படி வழக்கம்போல நடந்தால் டப்பாவுக்கு மூன்று தப்படி முன்னால் கால் நின்றுவிடும். உடனே கங்கையம்மாள் கல் திருடி ஆகிவிடுவாள், பட்டி பிரிந்துவிடும், அசரியாவின் பெயர் தாலுகா முழுக்கப் பரவும். சேலையூரில் அதற்குப் பிறகு யாரும் வேறு காலை நம்பமாட்டார்கள்.

சம்பத் டேப்போடு வந்தார். இரும்பு டேப், முதல் அடி முழுசாக இருந்தது. மற்றவர்களிடம் நிலம் வாங்கும்போது அளப்பதற்கென்று தனியாக வைத்திருந்ததாம்.

"நட," என்றார்.

அசரியா குதிகாலைக் கல்லின்மேல் வைத்தார். ஏழரை அடி என்றால் தொண்ணூறு அங்குலம். நாற்பதால் வகுத்தால் தப்படிக்கு ரெண்டேகால் அங்குலம். முப்பது வருஷமாக ஒரே அளவில் ஓடிய காலை, எண்பது பேர் பார்க்க, ரெண்டேகால் அங்குலம் நீட்ட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீட்டுவது தெரியவும் கூடாது. இலாகாவில் எந்தப் பரீட்சையிலும் இதைக் கேட்டதில்லை.

"ஒண்ணு!" என்று கூட்டம் கத்தியது. "ரெண்டு! மூணு!"

தொடை முறுக்கியது. ஏழாவதில் இடுப்பு ஒரு புதிய இடத்தில் வலித்தது. முகத்தை மட்டும் வழக்கமான கர்வத்தோடு வைத்துக்கொண்டார், அது தானாக வந்தது. பதினெட்டாவதில் கால் பழைய புத்திக்குத் திரும்பி ரெண்டரை அடியில் போய் விழுந்தது. அசரியாவுக்கு வியர்த்தது. அந்த ரெண்டேகாலையும் பத்தொன்பதாவதில் சேர்த்துப் போட்டார். செருப்பு வார் முனகிற்று.

"இருவத்தஞ்சு! இருவத்தாறு!" பிள்ளைகள் பக்கத்தில் ஓடினார்கள். தபீதாள் டீச்சர் எண்ணோடு எண் விசில் ஊதினார். வேலிக்கு அந்தப் பக்கம் கங்கையம்மாள் குட்டியை அணைத்தபடி சேர்ந்தே நடந்துவந்தாள். அவள் எண்ணவில்லை. நூறடியில் தோண்டிய குழிகள் வந்தன. சம்பத் அங்கேயே குனிந்து காத்திருந்தார், கால் எந்தக் குழியில் இறங்கும் என்று பார்க்க.

"முப்பத்தேழு!" அசரியா குழியின் விளிம்பில் கால் வைத்தார். "முப்பத்தெட்டு!" குழியைத் தாண்டினார். சம்பத் நிமிர்ந்தார். "முப்பத்தொம்போது!"

"நாப்பது!"

குதிகால் சருகின்மேல் இறங்கியது. அசரியா நகராமல் நின்று, காலடியைக் காட்டினார்.

டீச்சரின் மண்வெட்டிதான் முதலில் விழுந்தது. மூன்றாவது வெட்டில் தகரம் சத்தமிட்டது. அதற்குப் பிறகு எழுந்த கூச்சலில் ஏரியின் நாமக்கோழிகள் மறுபடி எழுந்திருக்க வேண்டும். பச்சை அணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆடியது, மிட்டாய்கள் சிதறின, ஜெயசீலிகூடக் கூட்டத்தின் பின்னாலிருந்து கைதட்டினாள். ரேடியோ சம்பத்தின் தோளிலிருந்து டீச்சரின் தோளுக்கு மாறியது. யாரோ அதன் காதைத் திருக, அது பெருஞ்சத்தத்தில் டெல்லி அணிவகுப்பைச் சொல்ல ஆரம்பித்தது.

சம்பத்துக்கு மட்டும் ரேடியோ கேட்கும் மனநிலை இல்லை. "இரு, இரு. இன்னும் முடியல" என்று டேப்பின் ஒரு முனையைத் தனசிங்கிடம் கொடுத்துக் கல்லுக்கு அனுப்பினார். மறுமுனையை எடுத்துக்கொண்டு குழிக்கு வந்தார். கண்ணாடி கொண்டுவர மறந்திருந்தார். "படி" என்று அசரியாவிடம் நீட்டினார்.

அசரியா குனிந்தார். வேலை செய்யும் இடத்தில் வழக்கமாகக் கத்துகிறவர், இந்தத் தடவை பக்கத்திலிருந்த நாலு பேருக்கு மட்டும் கேட்கும்படி படித்தார்.

"நூத்தியேழு அடி, ஆறு அங்குலம்."

"நாப்பது தப்படிக்கா?"

"நாப்பது தப்படிக்குத்தான் சார். நீங்களே எண்ணினீங்களே."

தனசிங் கல்லிலிருந்து கத்தினார்: "அப்ப நூறு அடின்னு பெஞ்சு மேல ஏறிச் சொன்னது, அண்ணே?"

சம்பத் கல்லைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார், கடைசியில் அசரியாவின் டயர் செருப்பை வெகுநேரம் பார்த்தார். "அப்ப கல்லு?"

"கல்லு இருக்கற எடத்துலதான் சார் இருக்குது," என்றார் அசரியா, டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "கால்தான். தப்படிக்கு ரெண்டேகால் அங்குலம் கூட வருது."